ரவுட்டர் காவல் காக்குமா?

கேள்வி இப்படி வந்தது: "ஊரில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். வருடத்தில் மூன்று மாதம் எங்களிடம் வந்து தங்குவார்கள். அப்போது வீடு பூட்டிக் கிடக்கும். வீட்டுக்குள் கேமரா வைக்க அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். வைஃபை ரவுட்டரே ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக்கூடக் காட்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? கேமராவுக்குப் பதில் இதை நம்பலாமா?"

வீடியோவில் பார்த்தது பொய் இல்லை. ஆனால் அதில் வந்த கருவியும் உங்கள் வீட்டு ரவுட்டரும் அநேகமாக ஒன்றில்லை. வீட்டுக்குள் ஏதோ அசைகிறது என்பதை ரவுட்டரால் சொல்ல முடியும்; நன்றாகவே சொல்லும். அசைந்தது யார், எந்த மூலையில், ஆளா நாயா என்று கேட்டால் தடுமாறும். பூட்டிய வீட்டுக்கு இது உதவும். இதை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. வயர்லெஸ் நெட்வொர்க் வேலையில் பல வருடம் ஓட்டியவன், இதே சமாச்சாரத்தோடு சொந்த வீட்டில் மல்லுக்கட்டியும் பார்த்தவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "வைஃபை மூலம் ஆளைக் கண்காணிப்பது" என்ற பேச்சில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பையில் இருக்கும் ஃபோனைப் பின்தொடர்வது. ஃபோனில் வைஃபை ஆனில் இருந்தால், தெரிந்த நெட்வொர்க் பக்கத்தில் இருக்கிறதா என்று அது அடிக்கடி குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் குரலோடு அதன் மேக் முகவரியும், அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணும், காற்றில் போகும். 2013-ல் லண்டனின் நிதி வட்டாரத்தில் விளம்பரத் திரை பொருத்திய குப்பைத் தொட்டிகள், அருகே கடந்துபோன ஃபோன்களின் முகவரிகளை எல்லாம் குறித்துக்கொண்டிருந்தது அம்பலமானது. நகர நிர்வாகம் உடனே நிறுத்தச் சொன்னது. 2016 கடைசியில் அதே ஊரின் போக்குவரத்து நிறுவனம், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 54 சுரங்க ரயில் நிலையங்களில் நான்கு வாரம் இதைச் செய்து சுமார் 56 லட்சம் கருவிகளின் போக்குவரத்தைப் பதிந்தது. அப்புறம் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து ஃபோன்கள் பொய் முகவரி கொடுக்கப் பழகிவிட்டன; இந்த வழி பெருமளவு மங்கிவிட்டது. எப்படியானாலும் உங்களுக்கு இது உதவாது. திருட வருகிறவன் ஃபோனை அணைத்துவிட்டு வந்தால் கதை முடிந்தது.

இரண்டாவதுதான் உங்கள் கேள்வி: கையில் எந்தக் கருவியும் இல்லாத வெறும் உடம்பை வைஃபை எப்படி உணர்கிறது?

கோயில் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் யாரோ சீராகத் தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். அலை நாலு பக்கப் படிக்கட்டிலும் மோதித் திரும்பி, ஒன்றோடொன்று கலந்து, குளம் முழுக்க ஒரு கோலம் உண்டாகிறது. எதுவும் மாறாதவரை கோலமும் மாறாது. எதிர் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் விரல் வைத்திருப்பவருக்கு அந்தத் துடிப்பு பழகிவிடும். நடுவில் ஒருவர் இறங்கி நடந்தால் போதும், அவரைப் பார்க்காமலே விரலுக்குத் தெரிந்துவிடும். ரவுட்டர்தான் தண்ணீரைத் தட்டுகிறவர். டிவியோ ஸ்மார்ட் பிளக்கோ விரல் வைத்திருப்பவர். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் இந்த அலைகளைக் கொஞ்சம் விழுங்கும், கொஞ்சம் திருப்பியடிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். நீங்கள் ஒரு சாண் நகர்ந்தாலே கோலம் குலைந்துவிடும்.

இதில் அழகான விஷயம், இதற்கென்று தனியாக எதையும் அளக்க வேண்டியதில்லை. எதிரொலிகளால் சிக்னல் எப்படிச் சிதைந்து வந்திருக்கிறது என்று, பாக்கெட் எனப்படும் ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் கணக்குப் போட்டுச் சரிசெய்தால்தான் வைஃபை சிப்பால் தகவலைப் படிக்கவே முடியும். அந்தக் கணக்குக்குத்தான் சிஎஸ்ஐ, அதாவது சேனல் ஸ்டேட் இன்ஃபர்மேஷன் என்று பெயர். ரொம்ப நாள் இது சிப்புக்குள்ளேயே பிறந்து சிப்புக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தது. வெளியே நமக்குக் கிடைத்ததெல்லாம் "சிக்னல் எவ்வளவு பலம்" என்ற ஒரே எண். ஃபோனில் கோடுகளாகத் தெரிகிறதே, அது. 2011-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர், இன்டெல் 5300 என்ற சாதாரண லேப்டாப் வைஃபை கார்டிலிருந்து இந்தக் கணக்கை வெளியே எடுக்கும் மென்பொருளைப் பொதுவில் விட்டார்கள். ஒரே எண்ணுக்குப் பதில் 30 துணை அலைவரிசைகளின் பலமும், ஏற்ற இறக்கத்தில் அலை எங்கே நிற்கிறது என்ற கட்டமும் கையில் கிடைத்தன. இன்றுவரை வந்துகொண்டிருக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும் கூட்டம் அந்த ஒரு கதவு திறந்ததால் வந்ததுதான்.

அதற்கு முன்னாலும் ஆள் இல்லாமல் இல்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜோயி வில்சனும் நீல் பட்வாரியும் வெறும் சிக்னல் பலத்தை வைத்தே ஒரு வித்தை காட்டினார்கள். 21 அடிக்கு 21 அடி இடத்தைச் சுற்றி 28 சிறு ரேடியோக்களை நட்டார்கள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் பேசினால் 378 கண்ணுக்குத் தெரியாத கயிறுகள். நடுவில் ஒருவர் நின்றால் எந்தெந்தக் கயிறு நலிகிறது என்று பார்த்து, ஸ்கேன் எடுப்பதுபோல அவர் நிற்கும் இடத்தை வரைந்துவிட்டார்கள். அந்த 28 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். ஒரு ஹால் அளவு இடத்தில் ஆள் எங்கே நிற்கிறார் என்று சொல்ல 28 கருவி. உங்கள் வீட்டில் வைஃபையோடு இருப்பவை எத்தனை? ரவுட்டர், டிவி, மிஞ்சினால் ஒரு பிரின்டர்.

சுவருக்கு அப்பால் பார்ப்பது என்று உலகம் பேசத் தொடங்கியது 2013-ல். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபதேல் அதீப், தினா கதாபி இருவரும் வை-வை என்ற கருவியைச் செய்தார்கள். சுவரின் பின்னால் இருப்பவரைப் பார்க்க நினைத்தால், முதல் தடங்கல் சுவரேதான். அது திருப்பியடிக்கும் அலை, ஆள் திருப்பியடிப்பதைவிடப் பல மடங்கு பெரிது. வெயிலில் மின்மினி தேடுவது போல. அவர்கள் செய்த தந்திரம்: இரண்டு ஆன்டெனாவில் அலையை அனுப்பி, அசையாத பொருள்களிலிருந்து திரும்பும் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்படி இரண்டாவதை ஒழுங்கு செய்தார்கள். சுவர், மேசை, நாற்காலி எல்லாம் மறைந்துவிடும். அசைகிற ஒன்று மட்டும் மிஞ்சும். 8 அங்குல கான்கிரீட் சுவர் தாண்டியும் வேலை செய்தது. அறைக்குள் யாரும் இல்லையா, ஒருவரா, இருவரா, மூவரா என்று பிரித்துச் சொன்னது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் அதற்கு ஒரு வருடம் முன்பே இன்னொரு குழு, தான் எதையும் ஒலிபரப்பாமல், வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டரின் அலையையே கடன் வாங்கி, ஒரு அடி தடிமனான செங்கல் சுவருக்குப் பின்னால் நடப்பவரைக் கண்டிருந்தது.

இனி உங்கள் வீடியோவுக்கு வருகிறேன். திரையில் குச்சி மனிதன் நடக்கிறான், உட்காருகிறான், கையைத் தூக்குகிறான் என்றால், அது எம்ஐடியின் பிந்தைய கருவிகளில் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவை வைஃபை இல்லை! அந்தக் குழுவே வைஃபையை விட்டுவிட்டுத் தனி ரேடியோவுக்குப் போய்விட்டது. காரணம் எளிய வகுத்தல் கணக்கு. எதிரொலியை வைத்து அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், அலைவரிசை எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் வைஃபையில் அந்தப் பிரிக்கும் திறன் ஏழரை மீட்டர். அதாவது உங்கள் ஹாலும் சமையலறையும் அதற்கு ஒரே புள்ளி. 160 மெகாஹெர்ட்ஸ் கொண்ட விலை உயர்ந்த ரவுட்டரிலும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். 2014-ல் எம்ஐடி குழு செய்த வைட்ராக், 5.56 முதல் 7.25 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய 1,700 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை வாரிக்கொண்டது. அதனால்தான் அது 9 சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பார்த்தது. செய்தி எழுதுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் "வைஃபை" என்று தலைப்புப் போட்டுவிட, ஆளுக்கொரு மாயக் கண்ணாடி வீட்டிலேயே இருக்கிறது என்று ஊர் நம்பிவிட்டது.

உண்மையான வைஃபையில் குச்சி மனிதனைக் காட்டியவர்களும் உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2022 கடைசியில், 30 டாலர் அளவிலான இரண்டு சாதாரண ரவுட்டர்களை வைத்து மனித உடம்பின் நிலையை வரைந்து காட்டினார்கள். எப்படி என்பதில்தான் சூட்சுமம். கேமராவையும் வைஃபையையும் ஒன்றாக ஓடவிட்டு, "சிக்னல் இப்படி இருந்தபோது உடம்பு இப்படி இருந்தது" என்று கணினிக்குப் பாடம் நடத்தினார்கள். பாடம் நடந்த அறையில் நன்றாக வந்தது. பார்க்காத அறைக்குக் கொண்டுபோனபோது தரம் கீழே இறங்கியது. சோபாவை நகர்த்தினால் குளத்தின் படிக்கட்டையே நகர்த்தியது மாதிரி. படித்த கோலம் எல்லாம் வீண்.

சரி, குச்சி மனிதனை விடுவோம். அசைவு இருக்கிறதா இல்லையா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வந்தால் போதுமே என்பீர்கள். அதைத்தான் நானும் வீட்டில் முயன்றேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎஸ்பி32 சிப் பலகைகள் இரண்டு. சிஎஸ்ஐ எடுக்கும் வசதி அந்தச் சிப்பிலேயே இருக்கிறது. ஒன்றை ஹாலிலும் இன்னொன்றைச் சமையலறைக்குப் போகும் வழியிலும் வைத்தேன். ஒன்று நொடிக்கு 100 பாக்கெட் அனுப்பும், மற்றது கேட்கும். முதல் நாள் குழந்தைபோலக் குதித்தேன். லேப்டாப்பில் கோடு அமைதியாகப் போகும். யாராவது எழுந்து நடந்தால் கொதிக்கிற பால் மாதிரி பொங்கும்.

ஃபேனைப் போட்டதும் எல்லாம் போச்சு.

நம் வீடுகளில் இருபத்து நாலு மணி நேரமும் ஒருவர் நடந்துகொண்டே இருக்கிறார், அவர் பெயர் சீலிங் ஃபேன். கணக்கைப் பாருங்கள். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒருவர் கருவிகளை நோக்கி வந்தால், அலை போய்வரும் தூரம் நொடிக்கு இரண்டு மீட்டர் குறைகிறது, 12.5 சென்டிமீட்டரால் வகுத்தால் நொடிக்கு 16 ஏற்ற இறக்கம். நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் ஃபேனுக்கு மூன்று இறக்கை. நொடிக்கு ஐந்து சுற்று, ஆக 15 முறை சிக்னல் குலுங்கும். திருடனும் ஃபேனும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் வருகிறார்கள்! ஃபேன் மாறாத தாளம் என்பதால் அந்த ஒரு தாளத்தை மட்டும் வடிகட்டிவிடலாம், வடிகட்டினேன். ஒரு நாள் இரவு இரண்டே முக்காலுக்கு, அதோடு இணைத்திருந்த சைரன் அலறியது. வேறொன்றுமில்லை, கரன்ட் போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஃபேன் நின்று மெதுவாக வேகம் எடுத்த அந்த அரை நிமிடம் வடிகட்டிக்கு அடங்கவில்லை. வீட்டில் அன்று நான் வாங்கிக்கட்டிக்கொண்டதை எழுத முடியாது. புலி வருது புலி வருது என்ற கதைதான். மூன்று பொய் அலாரத்துக்குப் பிறகு நான்காவதுக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி, பூட்டிய வீட்டில் ஃபேன் ஓடாது. ஆள் இல்லை, நாய் இல்லை, ஜன்னல் சாத்தியிருப்பதால் திரைச்சீலையும் ஆடாது. வைஃபை உணர்வுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. மோஷன் சென்சார் என்று கடையில் விற்கிற பிஐஆர் சென்சார் உடம்புச் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வேலை செய்வது. சித்திரை வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் சுவரே 36, 37 டிகிரிக்குப் போய்விட்டால் அதற்கு ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரிவது குறைந்துவிடும். வைஃபைக்குச் சூடும் ஒன்றுதான், இருட்டும் ஒன்றுதான். பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து நடந்தாலும் தெரியும்.

கெட்ட செய்தி சுவர். அமெரிக்க வீடுகளின் உள்சுவர் பெரும்பாலும் மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை; அலை அலுங்காமல் கடந்துவிடும். உங்கள் ஊர் வீடு பழைய வீடு என்றால் ஒன்பது அங்குலச் செங்கல், மேலே கான்கிரீட் தளம். ஹாலில் ரவுட்டர், கடைசி அறையில் ஸ்மார்ட் பிளக் என்று வைத்தால் நடுவில் வரும் சிக்னல் ஏற்கெனவே குற்றுயிராகத்தான் வரும். அதில் ஏற்படும் சின்ன மாற்றத்தை இரைச்சலிலிருந்து பிரிப்பது கஷ்டம். ஆகவே கருவிகள் இரண்டும் வாசல்கதவும் ஒரே அறையில் இருக்கும்படி, கதவு திறந்து உள்ளே வருகிறவன் கட்டாயம் இரண்டு கருவிக்கும் நடுவில் புகுந்தாக வேண்டியிருக்கும்படி வையுங்கள். கொல்லைப்புறக் கதவுக்கு இன்னொரு ஜோடி.

இதைவிடக் கெட்ட செய்தி மீட்டர் பெட்டி. நம் பக்கத்து வீடுகளில் பலவற்றில் அது திண்ணையிலோ வெளிச்சுவரிலோதான் இருக்கிறது. ஃப்யூஸ் கேரியரை வெளியே இழுத்தால் ரவுட்டர், டிவி, பிளக் எல்லாம் ஒரே நொடியில் கண்ணை மூடிவிடும். நோபல் பரிசு வாங்கும் அளவு கணிதம் உள்ளே ஓடினாலும் ஒரு ஃப்யூஸ் கட்டையிடம் தோற்றுப்போகும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். தெருவில் கரன்ட் போகும்போது கேபிள்காரரின் இணைப்பும் போகிற ஊர் என்றால் சிம் போடும் ரவுட்டர் தேவைப்படும். "வீடு தொடர்பில் இல்லை" என்பதே ஒரு அலாரமாக உங்கள் ஃபோனுக்கு வருமாறு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், மற்ற எதையும்விட இந்த ஒன்று முக்கியம்.

கடையில் தயாராகக் கிடைக்கிறதா என்றால், வெளிநாடுகளில் கிடைக்கிறது. கனடாவின் காக்னிட்டிவ் சிஸ்டம்ஸ், அமெரிக்காவின் ஆரிஜின் போன்ற நிறுவனங்கள் இந்த மென்பொருளைத்தான் விற்கின்றன. முன்பு பிலிப்ஸின் விளக்குப் பிரிவாக இருந்த சிக்னிஃபையின் விஸ் பல்புகளில் இரண்டு பல்புக்கு நடுவே ஆள் வந்தால் விளக்கு எரியும் வசதி 2022-ல் வந்தது. அமெரிக்காவின் பெரிய இணைய நிறுவனமான காம்காஸ்ட் 2025-ல் தன் ரவுட்டர்களிலேயே வைஃபை மோஷன் என்று கொடுத்தது. வீட்டில் அசையாமல் இருக்கும் பிரின்டர், டிவி மாதிரி மூன்று கருவிகள் வரை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ரவுட்டருக்கும் அவற்றுக்கும் நடுவே அசைவு வந்தால் ஃபோனுக்குச் செய்தி. 18 கிலோவுக்கு உட்பட்ட செல்லப் பிராணிகளைக் கண்டுகொள்ளாதே என்றும் சொல்லி வைக்கலாம். இதுவரை ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் செய்துகொண்டிருந்ததற்கு 802.11பிஎஃப் என்ற பொதுத் தரம் 2025-ல் வெளியாகியிருக்கிறது. அதனால் இனி வரும் ரவுட்டர்களில் இது தனி விளம்பரம் இல்லாமலே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். உட்காரட்டும், ஆனால் அதன் சாவி யாரிடம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தடுக்கி விழுந்து தெரிந்துகொண்டேன். ஹாலில் வைத்த பலகை பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரை ஒட்டி இருந்தது. நாங்கள் வெளியே போயிருந்த நாட்களிலும் மாலை ஏழு மணிக்கு மேல் கோடு பொங்கியிருந்தது. யார் வந்தது என்று மண்டையைக் குடைந்து, பிறகுதான் புரிந்தது, அது அடுத்த வீட்டுக்காரர். வேலை முடிந்து வந்து சுவர் ஓரமாக நடக்கிறார். அவர் எப்போது வருகிறார், எப்போது படுக்கிறார், எந்த ஞாயிறு வீட்டில் இல்லை என்பது எல்லாம் மூன்று வாரத்துக்கு என் லேப்டாப்பில் கோடாகப் பதிந்திருந்தது. நான் திருடனைத் தேடப் போய், திருடனுக்குத் தேவையான பட்டியலைத் தயாரித்து வைத்திருந்தேன்! அன்றே அழித்துவிட்டுப் பலகையை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன்.

நான் தெரியாமல் செய்ததை வேண்டுமென்றே செய்ய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வெளியே ஒரு சாதாரண வைஃபை ரிசீவரை வைத்துக் கேட்டாலே, உள்ளே இருக்கும் கருவிகளின் சிக்னல் ஆடுவதைக்கொண்டு எந்த அறையில் ஆள் இருக்கிறார் என்று ஊகிக்க முடிந்தது. உங்கள் பாஸ்வேர்ட் எவ்வளவு பலமாக இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் கேட்பவர் உள்ளே போகும் செய்தியைப் படிக்கவில்லை, அலை ஆடுவதை மட்டும் பார்க்கிறார். 2022-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், சில பத்து டாலர் மதிப்புள்ள கருவியை ட்ரோனில் கட்டிப் பறக்கவிட்டு, வீட்டுக்குள் வைஃபை கருவிகள் எங்கே இருக்கின்றன என்று ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியத்தில் குறித்துக் காட்டினார். வைஃபை கருவிகளுக்கு ஒரு மரியாதை உண்டு: முன்பின் தெரியாதவன் கூப்பிட்டாலும் "வந்து சேர்ந்தது" என்று பதில் சொல்லிவிடும். அந்த மரியாதையைத்தான் அவர் பயன்படுத்தினார்.

"யார்" என்பதும் முற்றிலும் கைக்கு எட்டாததாக இல்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகம் 2025-ல் 197 பேரை நடக்க வைத்துச் சோதித்தது. புதிய ரவுட்டர்கள் அலையைக் கருவி இருக்கும் பக்கமாகக் குவித்து அனுப்புவதற்காக, கருவிகள் ரவுட்டருக்கு ஒரு குறிப்பைத் திருப்பி அனுப்பும். அந்தக் குறிப்பு மறைகுறி எதுவும் இல்லாமல் அப்படியே காற்றில் போகிறது. அதை வைத்தே கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு ஆளை அடையாளம் கண்டார்கள். பயந்துவிட வேண்டாம், ஒவ்வொருவரும் முதலில் அங்கே நடந்து காட்டி, கணினி அவரைப் படித்துக்கொண்ட பிறகுதான் இது நடந்தது. முன்பின் வராத திருடனின் பெயரை ரவுட்டர் சொல்லப் போவதில்லை. தினமும் அந்த வீட்டில் நடக்கிற உங்கள் அப்பாவைத்தான் அது சீக்கிரம் படித்துக்கொள்ளும். பாதுகாப்புக்கு என்று வாங்குகிறவர்கள் இந்தத் தலைகீழ்க் கணக்கைக் கவனிப்பதே இல்லை.

காம்காஸ்ட் தன் நிபந்தனைகளில் வெளிப்படையாகவே எழுதியது: சட்டம் இடம் கொடுக்கும் வரம்புக்குள், இந்த அசைவுத் தகவலை விசாரணை அமைப்புகளுக்கோ நீதிமன்ற உத்தரவின் பேரிலோ உங்களிடம் மறுபடி சொல்லாமலே கொடுக்கலாம் என்று. அமெரிக்காவில் சுவருக்குள் பார்ப்பது பற்றிய வழக்கு புதிதில்லை. 2001-ல் அங்கே உச்ச நீதிமன்றம், தெருவில் நின்றபடி வெப்பக் கேமராவால் வீட்டின் சூட்டைப் பார்ப்பதும் சோதனைதான், அதற்கு வாரன்ட் வேண்டும் என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. பிறகு 2014-ல், சுவருக்குள் மூச்சு விடும் அசைவைக்கூடக் காட்டும் கையடக்க ரேடாரைப் போலீஸ் கதவில் வைத்துப் பார்த்த வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தது. சோதனை வேறு காரணங்களால் செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், இந்தக் கருவி இனி நிறையக் கேள்விகளைக் கிளப்பும் என்ற கவலையையும் பதிந்து வைத்தது. நம் உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்கிறது, 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ரவுட்டர் எழுதும் நடமாட்டக் குறிப்பை வைத்து நம் நீதிமன்றத்தில் சண்டை வரும்போது அவை எப்படிப் பொருந்தும் என்று பார்க்க எனக்கும் ஆவல்தான்.

இனி உங்கள் வீடு. பூட்டிய மாதங்களுக்கு என் யோசனை: முதலில் வாசல், கொல்லைக் கதவுகளுக்கு பேட்டரியில் ஓடும் காந்தக் கதவு சென்சார். விலை குறைவு, கதவு திறந்ததா இல்லையா என்பதில் அதற்குக் குழப்பமே கிடையாது. வெளியே பார்த்தபடி வாசலில் ஒரு கேமரா. வீட்டுக்குள் இல்லை என்றால் அப்பா ஒத்துக்கொள்ளக்கூடும். வைஃபை உணர்வை மூன்றாவது ஆளாக, ஓடு பிரித்தோ ஜன்னல் கம்பி வளைத்தோ உள்ளே வந்தால் பிடிக்க, ஹாலில் போடுங்கள். கதவு சென்சார் ஏமாறும் இடத்தில் இது ஏமாறாது. யுபிஎஸ் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். சிஎஸ்ஐ எடுத்து நிரல் எழுதிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை என்றால், 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார்கள் சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாயில் கிடைக்கும். ஒரே அறைக்கு அவை வைஃபையைவிடத் தெளிவாகப் பேசும். அசையாமல் உட்கார்ந்திருப்பவரையும் மூச்சின் அசைவை வைத்துக் கண்டுபிடிக்கும்.

அப்பா அம்மா வீட்டில் இருக்கும் மாதங்களுக்குத் திருடனைப் பிடிக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள். ஃபேனும் கரன்ட்டும் சேர்ந்து உங்களைத் தூங்கவிடாது. அதற்கு நேர்மாறான வேலை ஒன்று கொடுக்கலாம். காலை எட்டு மணி வரை சமையலறைப் பக்கம் யாரும் நடக்கவே இல்லை என்றால் உங்களுக்கு ஒரு செய்தி வரட்டும். இதற்குத் துல்லியம் தேவையில்லை, ஒரு தடவை பொய்யாக வந்தாலும் அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டுப் பேசிவிடலாம். கருவியை ஃபேன் இல்லாத நடைவழியில் வைத்தால் போதும்.

ஆனால் அப்பாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அவர் கேமரா வேண்டாம் என்பது லென்ஸைப் பார்த்தால் கூச்சம் என்பதாலா, இரவில் எத்தனை தடவை எழுந்தார் என்று மகன் கணக்குப் பார்ப்பது பிடிக்காததாலா? முதலாவது என்றால் வைஃபை தீர்த்துவிடும். இரண்டாவது என்றால் கேமராவைவிட இதுதான் அதிகமாகச் சொல்லிக்கொடுக்கும்.

வாங்குவதற்கு முன் வீட்டின் வரைபடம் ஒன்றைப் பேப்பரில் கிறுக்கி, ரவுட்டர் எங்கே, சுவர் எத்தனை அங்குலம், மீட்டர் பெட்டி எந்தப் பக்கம், பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் எது என்று குறித்து அனுப்புங்கள். எங்கே வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.